நிலக்கீழ் அறை வரைக்கும் ஒரு கண்ணாடி நூல்

எங்களில் கனபேரின் பெற்றோர் வீட்டில் ஒரு வாழைப்பழப் பெட்டி இருக்கும். வீடு மாறுறதுக்கென்று கடையில் கேட்டு வாங்கி வந்து, பிறகு வெளியே போகாமலே தங்கிவிட்ட பெட்டி. உள்ளே விஎச்எஸ் கசெட்டுகள். முதுகில் பேனையால் "தம்பி கலியாணம்", "சாமத்திய வீடு 92", "வாட்சோ, முதல் ஸ்னோ" என்று எழுதியிருக்கும். எழுத்தைப் பார்த்தே இது சித்தப்பா, இது மாமி என்று சொல்லிவிடலாம்.

நோர்வேத் தமிழரின் கதையில் ஒரு பெரும் பங்கு இப்படியான பெட்டிகளுக்குள்தான் கிடக்குது. 1956 இல் இங்கே வந்த அன்ரனி இராஜேந்திரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அவர் 1967 இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிவைத்த சீநோர் மீன்பிடித் திட்டத்துக்கும் ஆவணங்கள் உண்டு. ஆனால் எண்பதுகளில் நாட்டார் உயர்பள்ளிகளுக்கு மாணவராக வந்து, பிறகு வடக்கே பின்மார்க்கில் மீன் ஆலைகளில் நின்ற எங்கட அப்பாமாரும் மாமாமாரும் எப்படி இருந்தார்கள், எந்தக் குசினியில் சமைத்தார்கள், என்ன சொல்லிச் சிரித்தார்கள் என்பதெல்லாம் அவர்களே ஒருவரை ஒருவர் எடுத்த வீடியோவில் மட்டும்தான்.

நாடாவுக்கு வயது ஏறுது. அதை ஓட்டுகிற மெஷினுக்கு அதைவிட ஏறிவிட்டது. கடைசிவரைக்கும் விஎச்எஸ் மெஷின் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு அதை நிறுத்திவிட்டது. இதெல்லாம் போகட்டும். படத்தில் தெரிகிற முகங்களுக்குப் பெயர் சொல்லக்கூடியவர்களும் குறைந்துகொண்டு வருகிறார்கள். என்னைப் பொறுத்தவரை அவசரம் அதில்தான் இருக்குது.

ஆகவே இந்த முறை நெட்வேர்க் கார்டைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்காதீங்கோ, தொடர்பு இருக்குது.

கணக்கைப் பாருங்கள். ஒரு கசெட் மூன்று மணித்தியாலம். தரம் குறையாமல், சுருக்கி நசுக்காமல் கணினியில் ஏற்றினால் ஒரு மணித்தியாலத்துக்கு 30, 40 ஜிகாபைட் பிடிக்கும். அறுபது கசெட் என்றால் 180 மணித்தியாலம். 35 என்று வைத்துப் பெருக்கினால் 6.3 டெராபைட். இது கூடத்திலோ படிப்பறையிலோ நிற்கிற வேர்க்ஸ்டேஷனில் சேரும். அங்கேயிருந்து நிலக்கீழ் அறையில் நிற்கிற நாஸ் பெட்டிக்குப் போக வேணும். வழக்கமான ஒரு ஜிகாபிட் வயரில் உண்மையாகக் கிடைக்கிற வேகம் செக்கனுக்கு 110 மெகாபைட் அளவு. அப்படியென்றால் கிட்டத்தட்ட 16 மணித்தியாலம். வைஃபையில் என்றால் கேட்கவே வேண்டாம். நடுவிலே யாராவது மைக்ரோவேவைப் போட்டாலே கதை மாறும்.

16 மணித்தியாலம் பெரிய விசயமா, இரவில் ஓடவிட்டுப் படுக்கலாமே என்று கேட்பீர்கள். ஒருமுறை என்றால் சரி. ஆனால் வெட்டித் திருத்தி, நிறம் சரிபார்த்து, திரும்பத் திரும்ப அனுப்புகிற வேலை இது. நான் பார்த்த அளவில், கொப்பி எடுக்கிறது மெதுவாக இருக்கிற வீடுகளில் இரண்டாவது கொப்பி என்று ஒன்று இருக்கிறதே இல்லை. "வார விடுமுறையில் செய்வம்" என்று சொல்லிச் சொல்லி ஒரே ஒரு டிஸ்க்கில் முப்பது வருட வாழ்க்கை தொங்கிக்கொண்டிருக்கும்.

10 ஜிகாபிட் இணைப்பில் இதே வேலை நாலு மணித்தியாலத்துக்குள் முடியும். "பத்து மடங்கு வேகம் என்றால் ஒன்றரை மணித்தியாலம்தானே?" என்று கணக்கில் கெட்டிக்காரர் கேட்பீர்கள். நாலு சுழல் டிஸ்க் உள்ள நாஸ் செக்கனுக்கு 400, 500 மெகாபைட்தான் எழுதும். வயர் வேகமாகினால் தடங்கல் டிஸ்க்குக்கு மாறிவிடும். விற்கிற ஆட்கள் இதைச் சொல்லமாட்டினம்.

முதலில், யாருக்கு இது தேவையில்லை என்று சொல்லிவிடுகிறேன். உங்கட சுவருக்குள் ஏற்கெனவே கேட்6 செப்பு வயர் ஓடுகிறது என்றால் அதையே பாவியுங்கோ. 55 மீட்டர் வரைக்கும் அதில் 10 ஜிகாபிட் போகும். பழைய கேட்5இ தான் என்றாலும் 2.5 ஜிகாபிட் கார்ட் இரண்டு வாங்கிப் போட்டால் வேகம் இரண்டரை மடங்காகும், செலவும் குறைவு. கண்ணாடி, புதிதாக வயர் இழுக்கத்தான் வேணும் என்கிற வீட்டுக்கு. அப்படி இழுக்கிறதென்றால் செப்பை இழுக்கிறதில் எனக்கு உடன்பாடில்லை. நாஸ் நிற்கிறது தோட்டத்து கராஜில் என்றால் வேறு யோசனையே வேண்டாம். கண்ணாடியில் மின்சாரம் ஓடாது. இடி விழுந்து ஒரு கட்டடத்துக்குள் வந்த மின்னழுத்தம் நெட்வேர்க் வயர் வழியாக மற்றக் கட்டடத்துக்குத் தாவிக் கணினியை எரிக்கிற வேலை கண்ணாடியில் நடக்காது.

கண்ணாடிக்குள் வெளிச்சத்தை வளைத்துக் கொண்டுபோகலாம் என்று 1954 இல் நேச்சர் இதழில் எழுதிக் காட்டிய இருவரில் ஒருவர் பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. ஆனால் அப்போதைய கண்ணாடியில் வெளிச்சம் கொஞ்சத் தூரத்திலேயே செத்துவிடும். குற்றம் கண்ணாடியில் இல்லை, அதிலுள்ள அழுக்கில்தான் என்று 1966 இல் கணக்குப் போட்டுச் சொன்னவர் சார்ல்ஸ் காவோ. அதற்காக 2009 இல் அவருக்கு நொபெல் பரிசு கிடைத்தது. அவர் சொன்னது உள்ளே இருக்கிற அழுக்கை. வீட்டில் எங்களுக்கு எதிரி வெளியே, நுனியில் ஒட்டுகிற அழுக்கு. அதற்குப் பிறகு வருகிறேன்.

கடையில் இரண்டு சாதி கண்ணாடி வயர் இருக்கும். மல்டிமோட் என்பது 50 மைக்ரோமீட்டர் கரு உள்ளது, ஓஎம்3 என்றால் வெளிர்நீலப் பச்சை உறை. சிங்கிள்மோட் 9 மைக்ரோமீட்டர் கரு, ஓஎஸ்2 என்று எழுதியிருக்கும், உறை மஞ்சள். இரண்டுக்குமே கருவைச் சுற்றியிருக்கிற கண்ணாடியோடு சேர்த்துத் தடிப்பு 125 மைக்ரோமீட்டர், தலைமயிர் இரண்டு சேர்ந்த அளவு. ஓஎம்3 இல் 10 ஜிகாபிட் 300 மீட்டர் போகும். வீட்டுக்கு அது தாராளம். அப்படியிருந்தும் சிங்கிள்மோட் தான் வாங்குங்கோ என்று சொல்லுவன். இன்றைக்கு 10 ஜிகாபிட் போகிற அதே மஞ்சள் வயரில் நாளைக்கு 100, 400 என்று இரண்டு பக்கத்து மொடியூலை மட்டும் மாற்றிக்கொண்டு போகலாம். மொடியூலை மாற்ற ஐந்து நிமிடம். சுவருக்குள் போன வயரை மாற்ற ஒரு கோடை விடுமுறை போய்விடும்.

இரண்டு முனையிலும் தலை பொருத்தியபடியே விற்கிற வயரை வாங்குங்கள். நீளத்தை நூல் பிடித்து அளந்து, மூன்று நாலு மீட்டர் கூடவே எடுங்கள். வீட்டில் கண்ணாடியை வெட்டி ஒட்டுகிற சாகசம் வேண்டாம். வெட்டினால் விழுகிற துண்டு கண்ணுக்குத் தெரியாது, கம்பளத்தில் தவழுகிற பிள்ளையின் முழங்காலுக்குத்தான் தெரியும். தலையின் பெயர் எல்சி, இரட்டை, நீல நிறம். பச்சை நிறத் தலையும் உண்டு. அதன் நுனி சாய்வாகச் சீவப்பட்டது. இணையம் தருகிற நிறுவனம் சுவரில் பூட்டிப்போன பெட்டியில் பெரும்பாலும் அந்தப் பச்சைதான் இருக்கும். நீலத்தையும் பச்சையையும் ஒன்றுக்குள் ஒன்று செருகினால் நுனிகள் ஒழுங்காக முட்டாது, கீறலும் விழும். நிறுவனத்தின் பெட்டியைத் தொடாதீங்கோ. நாங்கள் போடுகிறது வீட்டுக்குள்ளே மட்டும் ஓடுகிற வேறொரு வழி.

இழுக்கிற வேலைக்கு இன்னொரு ஆள் வேணும். இங்கத்தைய வீடுகளில் சுவருக்குள் 16 அல்லது 20 மில்லிமீட்டர் குழாய் ஓடும். 16 இல் இரட்டைத் தலை சோடியாகப் போகாது. நடுவிலுள்ள கிளிப்பைக் கழற்றி, ஒரு தலைக்குப் பின்னால் மற்றத் தலையை வைத்து ஒட்டினால் போகும். தலையில் கட்டி இழுக்கக் கூடாது. உறைக்குள்ளே மஞ்சளாகப் பஞ்சு மாதிரி ஒரு இழை இருக்கும், இழுவைத் தாங்குகிறது அதுதான். ஒருவர் மேலே நின்று தள்ள, மற்றவர் கீழே நின்று மெதுவாக வாங்க வேணும். மூலையில் மடங்கினால் கண்ணாடி உடனே உடையாது, ஆனால் வெளிச்சம் வளைவில் வெளியே கசியும். ஜி.657.ஏ2 என்று எழுதியிருக்கிற வகைக் கண்ணாடி 7.5 மில்லிமீட்டர் ஆரம் வரைக்கும் வளைவைத் தாங்கும். ஆனால் உறையையும் பாதுகாக்க வேணும். தேநீர்க் கோப்பையின் வட்டத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அதைவிட இறுக்கமாக வளைக்கத் தேவையில்லை. ஒரு விசயம்: குழாய்க்குள் ஏற்கெனவே 230 வோல்ட் கம்பி போகிறது என்றால் அந்த மூடியைத் திறக்கிற வேலை உங்களுடையதல்ல. நிரந்தர மின்வேலையைப் பதிவுபெற்ற மின்வேலை நிறுவனம்தான் செய்யலாம் என்பது இந்த நாட்டுச் சட்டம். வீட்டுக் காப்புறுதியும் அதைத்தான் கேட்கும்.

இனி கார்ட். தரவு மையங்களில் பாவித்துக் கழித்த இன்டெல் எக்ஸ்520, மெலனொக்ஸ் கனெக்ட்எக்ஸ் போன்றவை ஃபின் தளத்தில் மலிவாக வரும். வாங்க முன் மூன்று விசயம். முதலாவது, உங்கட இயங்குதளத்தின் இன்றைய பதிப்பு அந்தக் கார்டை இன்னும் ஏற்கிறதா என்பது. பழைய கார்ட் சிலவற்றைக் கைவிட்டுக்கொண்டு வருகிறார்கள். இரண்டாவது, பின்பக்கத் தகடு. சேர்வரிலிருந்து கழற்றியதில் குட்டைத் தகடு இருக்கும், எங்கட கோபுரப் பெட்டிக்கு நெட்டை வேணும். இரண்டும் தருகிறவரிடம் வாங்குங்கள்.

மூன்றாவதை யாரும் கேட்கிறதில்லை: ஸ்லொட். தாய்ப்பலகையில் நீளமாக இருக்கிற ஸ்லொட் எல்லாம் முழுக்க வேலை செய்கிறதில்லை. பதினாறு நீளம் இருக்கும், உள்ளே நாலு பாதைதான் இணைத்திருப்பார்கள். சில வேளை ஒன்றே ஒன்று. எக்ஸ்520 இரண்டாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ். அதில் ஒரு பாதைக்கு 4 ஜிகாபிட்தான். நாலு பாதை கிடைத்தால் 16, ஒரு வாயிலைப் பாவிக்கிறவருக்குப் போதும். ஒரு பாதை மட்டும் கிடைத்தால் 10 ஜிகாபிட் என்று நெட்வேர்க் காட்டும், கொப்பி மட்டும் 4 ஐத் தாண்டாது. ஆட்கள் வயரில் பிழை தேடிக் களைப்பார்கள். இரண்டாவது எம்.2 டிஸ்க் போட்டால் கீழ் ஸ்லொட்டின் பாதைகளை அது பறித்துக்கொள்ளுகிற பலகைகளும் உண்டு. தாய்ப்பலகையின் கையேட்டில் ஒரு அட்டவணையாகப் போட்டிருப்பார்கள். லினக்ஸில் எல்எஸ்பிசிஐ கட்டளையை விவரமாகக் காட்டச் சொன்னால் இப்போது எத்தனை பாதையில் ஓடுகிறது என்று சொல்லிவிடும்.

சூட்டையும் சொல்ல வேணும். இந்தக் கார்ட் சேர்வருக்குள் புயல் மாதிரிக் காற்றில் இருந்து பழகியது. எங்கட பெட்டி பிள்ளையள் நித்திரை கொள்ளுகிற அறைக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் நிற்கிறது. கார்டுக்கு மேலே மெதுவாக ஓடுகிற சின்ன விசிறி ஒன்றைப் பூட்டுங்கள். இல்லாட்டி அரை மணித்தியாலம் வேலை செய்துவிட்டு இணைப்பு விழுந்து எழும்பிக்கொண்டிருக்கும்.

கார்டில் செருகுகிற விரலளவு உலோகத் துண்டுதான் எஸ்எஃப்பி பிளஸ் மொடியூல். சிங்கிள்மோடுக்கு எல்ஆர் என்று எழுதியது, 1310 நானோமீட்டர். இரண்டு பக்கமும் ஒரே வகை. எல்ஆர் 10 கிலோமீட்டருக்குச் செய்தது, 30 மீட்டரில் போட்டால் வெளிச்சம் கூடி எரிந்துபோகாதா என்று பயப்படுகிறவர்கள் உண்டு. பயம் வேண்டாம்: தரநிலைப்படி அது ஆகக்கூட அனுப்புகிறது 0.5 டிபிஎம், வாங்குகிற பக்கம் தாங்குகிறதும் 0.5 டிபிஎம். 40 கிலோமீட்டர் ஈஆர் மொடியூலை மலிவாகக் கிடைக்குது என்று வாங்காதீங்கோ, அதற்குத்தான் இடையில் வெளிச்சத்தைக் குறைக்கிற துண்டு வேணும்.

இன்டெல் கார்ட் தன்னுடைய முத்திரை இல்லாத மொடியூலைக் கண்டால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். லினக்ஸில் அதன் ட்ரைவருக்கு "அறியாத மொடியூலையும் ஏற்றுக்கொள்" என்று ஒரு தெரிவு கொடுக்கலாம். விண்டோஸில் பாவிக்கிறவர் இன்டெலுக்கென்று குறியிடப்பட்ட மொடியூலையே விற்பனையாளரிடம் கேட்டு வாங்குவது நல்லம். மெலனொக்ஸ் அவ்வளவு சண்டை பிடிக்கிறதில்லை.

இப்போது சொருகுகிற நேரம். வீட்டில் பிள்ளையள் இருந்தால் முதலில் இதைச் சொல்லுங்கோ: வயரின் நுனியையோ மொடியூலின் துளையையோ கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கக் கூடாது. எல்ஆர் மொடியூல் பாதுகாப்பான முதலாம் வகுப்பு லேசர்தான், ஆனால் 1310 நானோமீட்டர் கண்ணுக்குத் தெரியாது, தொலைபேசிக் கமராவுக்கும் தெரியாது. தெரியாத வெளிச்சத்தை எட்டிப் பார்க்கிற பழக்கமே வேண்டாம்.

அடுத்தது துடைக்கிறது. 30 மீட்டர் கண்ணாடியில் வெளிச்சம் இழக்கிறது ஒரு டெசிபெல்லின் நூறில் ஒரு பங்கு, இல்லையென்றே வைக்கலாம். வீட்டு இணைப்பில் இழப்பு முழுக்க நுனியிலும் வளைவிலும்தான். 9 மைக்ரோமீட்டர் கருவுக்கு முன்னால் ஒரு தூசி உட்கார்ந்தால் வாசலில் பாறை உருண்ட மாதிரி. தோசைக்கு எண்ணெய் விட்ட கையின் ரேகை போதும். பேனை வடிவில், அமத்தினால் 'கிளிக்' என்று நூல் சுற்றித் துடைக்கிற கருவி இருக்குது. வயரோடு சேர்த்து அதையும் வாங்குங்கள். புதிய வயரின் தொப்பியைக் கழற்றியவுடனும் துடைக்க வேணும், ஏனென்றால் தொப்பிக்குள்ளேயும் தூசி இருக்கும். வாயால் ஊதாதீங்கோ, மூச்சின் ஈரம் படியும்.

சொருகியும் பச்சை விளக்கு வரவில்லையா? பத்தில் எட்டுத் தரம் காரணம் ஒன்றுதான்: அனுப்புகிற துளைக்கு எதிரே அனுப்புகிற துளை. ஒரு பக்கம் பேசுகிற வாய் மறுபக்கம் கேட்கிற காதுக்குப் போக வேணும். ஒரு முனையில் மட்டும் இரண்டு தலையையும் இடம் மாற்றிச் சொருகுங்கள். இரண்டு முனையிலும் மாற்றினால் பழையபடி தொடங்கின இடத்துக்கே வந்துவிடுவீர்கள்.

விளக்கு வந்துவிட்டது என்று எழும்பிப் போகாமல் ஒன்று பாருங்கள். ஈத்டூல் கட்டளையிடம் மொடியூலைப் பற்றிக் கேட்டால் வாங்குகிற வெளிச்சத்தின் அளவைச் சொல்லும். வீட்டு நீளத்தில் நல்ல இணைப்பு கழித்தல் 2, கழித்தல் 4 டிபிஎம் மாதிரி இருக்கும். கழித்தல் 14.4 தான் எல்ஆர் தாங்குகிற கடைசி எல்லை. ஒவ்வொரு மூன்று டெசிபெல்லுக்கும் வெளிச்சம் பாதியாகும் என்பதை நினைவில் வையுங்கள். கழித்தல் 11 என்று காட்டினால் இன்றைக்கு வேலை செய்யும், ஆனால் எங்கேயோ ஒரு அழுக்கோ மடிப்போ இருக்குது. கழித்தல் 40 என்றால் வெளிச்சமே வரவில்லை. இந்த எண்ணை ஒரு துண்டில் எழுதி நாஸில் ஒட்டிவிடுங்கள். ஒரு வருடம் கழித்து வேகம் குறைந்தால் ஒப்பிட ஒரு எண் இருக்கும்.

அமைப்புகள், மேலே சொன்னதோடு பார்த்தால், சுகமான பகுதி. வேர்க்ஸ்டேஷனுக்கும் நாஸுக்கும் நேரடியாகக் கண்ணாடி போட்டிருந்தால் சுவிட்ச் தேவையில்லை. ஒரு பக்கத்துக்கு 10.10.10.1, மறுபக்கத்துக்கு 10.10.10.2 என்று நிரந்தர முகவரி கொடுங்கள். கேட்வே என்கிற பெட்டியை வெறுமையாக விடுங்கள், டிஎன்எஸ் பெட்டியையும். அங்கே எதையாவது எழுதினால் கணினி இணையத்துக்குப் போகிற வழியையும் இந்தக் கண்ணாடிக்குள் தேடும். பிள்ளையின் பள்ளிக்கூட வகுப்பு நடுவில் நின்றுவிடும். இணையம் பழைய வழியாலேயே போகட்டும்.

பிறகு நாஸின் போல்டரை அதன் பெயரால் திறக்காமல் 10.10.10.2 என்ற முகவரியால் திறவுங்கள். பெயரால் திறந்தால் கணினி பழைய ஒரு ஜிகாபிட் வழியையே பிடிக்கக்கூடும். புதிய கார்ட் சும்மா மின்னிக்கொண்டிருக்கும், கொப்பி 110 இல் ஊர்ந்துகொண்டிருக்கும். விண்டோஸ்காரருக்கு இன்னொன்று: கேட்வே இல்லாத நெட்வேர்க்கை விண்டோஸ் "பொது இடம்" என்று எடுத்துக்கொண்டு பகிர்வை மறிக்கும். அதைத் "தனிப்பட்டது" என்று மாற்ற வேணும்.

ஐபெர்ஃப்3 என்கிற இலவசக் கருவியை இரண்டு பக்கமும் ஓட்டுங்கள். 9.4 ஜிகாபிட் வந்தால் வயர் வேலை முடிந்தது. எம்டியூவை 9000 ஆக்கினால் 9.9 வரும் என்று யாராவது சொல்லுவினம், உண்மைதான். ஆனால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மாற்ற வேணும், மாற்றியபின் துண்டாக்க வேண்டாம் என்று சொல்லி 8972 பைட் அளவில் பிங் அனுப்பிப் பார்க்க வேணும். டிஸ்க் 500 மெகாபைட்டில் நிற்கிற வீட்டில் இந்த அரை ஜிகாபிட்டுக்காக நான் மினக்கெடமாட்டேன்.

இனி படங்களை அனுப்பலாம். அதில் தமிழில் கோப்புப் பெயர் வைக்கிறவர்களுக்கு மட்டும் வருகிற ஒரு சிக்கல் இருக்குது. 'கொழும்பு' என்று எழுதும்போது 'கொ'வின் உயிர்க்குறியைக் கணினி ஒரே குறியாகவும் வைத்திருக்கலாம், முன்னால் ஒரு கொம்பு பின்னால் ஒரு கால் என்று இரண்டு குறியாகவும் வைத்திருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். பழைய மேக் டிஸ்க் அமைப்பு பிரித்து வைக்கும். லினக்ஸில் ஓடுகிற நாஸ் கொடுத்தபடி வைக்கும். ஆகவே மேக்கிலிருந்தும் விண்டோஸிலிருந்தும் ஒரே போல்டரை அனுப்பினால் "கொழும்பு 1994" இரண்டு தரம் நிற்கும், எதை அழிக்கிறது என்று தெரியாமல் முழிக்க வேண்டிவரும். ஆர்சிங்க் பாவிக்கிறவர் மேக் பக்கத்தில் எழுத்துமுறை மாற்றுகிற தெரிவைக் கொடுத்தால் தீரும். அனுப்பி முடிந்ததும் எஸ்எச்ஏ-256 கைரேகையை இரண்டு பக்கமும் எடுத்து ஒப்பிடுங்கள். ஒப்பிடாத கொப்பியைக் கொப்பி என்று நான் கணக்கெடுக்கிறதில்லை.

நிலக்கீழ் அறை என்றதும் தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2023 ஆகஸ்டில் ஹான்ஸ் புயல் மழைக்கு ஹொன்னஃபொஸ்ஸில் ஆறு வீடுகளுக்குள் வந்தது. அந்தத் தண்ணீர் தைரிஃபியோர்ட் வழியாக எங்கட திராமன் ஆற்றுக்குத்தான் இறங்கும். நாஸைத் தரையில் வைக்காதீங்கோ, தோள் உயரத் தட்டில் வையுங்கோ. அதுவும் போதாது, வேறொரு வீட்டில் இன்னொரு கொப்பி வேணும்.

நாடுகளே அப்படித்தான் செய்கின்றன. ஸ்வால்பார்டுக்கு ஹார்ஸ்டாட்டிலிருந்து கடலடியால் இரண்டு கண்ணாடி வயர் போகுது. 2022 ஜனவரியில் ஒன்று பழுதானபோது மற்றது இருந்தபடியால்தான் தீவின் தொடர்பு அறுபடவில்லை. அதே ஸ்வால்பார்டில், பழைய மூன்றாம் இலக்க நிலக்கரிச் சுரங்கத்துக்குள், 2017 இல் ஆர்க்டிக் உலக ஆவணக் காப்பகம் திறந்தார்கள். தரவைப் படச்சுருளில் பதிந்து அங்கே வைக்கிற பிக்ல் நிறுவனம் எங்கட திராமனில்தான் இருக்குது, கனபேருக்குத் தெரியாது. கிட்ஹப் தளத்தின் 2020 பெப்ரவரி நிலவரத்தை, 21 டெராபைட்டை, 186 சுருளில் பதிந்து அங்கே வைத்திருக்கிறார்கள். உலகத்து மென்பொருள் எழுதுகிறவர்களின் கிறுக்கலுக்கு இவ்வளவு பாதுகாப்பு என்றால், வாட்சோ மீன் ஆலை வாசலில் மாமா ஸ்னோவைக் கையில் எடுத்துப் பார்க்கிற இருபது செக்கனுக்குப் பக்கத்து ஊரில் ஒரு டிஸ்க்காவது வேண்டாமா?

சகோதரர் பேர்கனிலோ டொரொன்டோவிலோ இருந்தால் அங்கே ஒரு சின்ன நாஸ் வைத்து அனுப்பலாம். இங்கத்தைய ஃபைபர் இணைப்புகள் பலவற்றில் ஏற்றுகிற வேகமும் இறக்குகிற வேகமும் ஒன்றுதான்; 500 மெகாபிட் என்றால் 6.3 டெராபைட் ஏறி முடிய 28 மணித்தியாலம். டிஸ்க்கில் பதிந்து, கோடையில் போகேக்கை பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோனாலும் சரி. வீட்டில் இருக்கிற நினைவு மலர், கல்வெட்டுப் புத்தகங்களையும் அப்படியே வருடிச் சேர்த்துவிடுங்கள். 2005 இலிருந்து இயங்குகிற நூலகம் திட்டம் அப்படியான மலர்களையும் இணையத்தில் சேர்த்து வைக்கிறது.

ஒவ்வொரு வீடியோவுக்கும் பக்கத்தில் ஒரு சின்ன எழுத்துக் கோப்பு வையுங்கள்: எந்த நிமிடத்தில் யார் நிற்கிறார், யாருடைய வீடு, எந்த ஊர். கண்ணாடி போட்டபின் நிலக்கீழ் அறையிலுள்ள பெரிய கோப்பையும் வேர்க்ஸ்டேஷனில் காத்திருக்காமல் முன்னும் பின்னும் ஓட்டலாம். அம்மம்மா, அப்பப்பா பக்கத்தில் இருந்து "நிப்பாட்டு, அது சின்னராசாவின்ர மூத்தவள்" என்று சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு போகலாம். அவர்கள் களைக்க முதல் அரை மணித்தியாலத்தில் நிறுத்துங்கோ. அடுத்த ஞாயிறு மிச்சம்.

அடுத்த மாதம் கசெட்டை ஓட்டுகிற பக்கத்தைப் பார்ப்பம்: பழைய மெஷினை வாங்கேக்கை தலையை எப்படிச் சோதிக்கிறது, ஆடுகிற படத்தை எப்படி நிறுத்துகிறது, பூஞ்சணம் பிடித்த நாடாவை ஏன் உடனே ஓட்டக் கூடாது.